இருட்டுவதற்குள் வாலு

சிங்கப்பூர்
செவ்வாய் இரவு

அன்புள்ள பாப்பா,

"இந்த வாரயிறுதி நாலு பேரும் துதுவாலா போறோம்ப்பா. கடற்கரையில ஒரு ராத்திரி. 250 கிலோமீட்டர்தான்" என்று எழுதியிருந்தாய். போய் வா. திமோர் லெஸ்தேவில் தொண்டூழியம் செய்யப் போனவள் தலைநகர் டிலியின் நான்கு தெருக்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. ஆனால் அந்த "தான்" என்ற சொல்லைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

துவாஸிலிருந்து சாங்கி வரை 50 கிலோமீட்டர்கூட வராத தீவில் வளர்ந்தவள் நீ. எல்லை தாண்டினால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் 350 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அந்தக் கணக்கில் 250 என்றால் மூன்று மணி நேரம் என்று மனம் தானாகவே சொல்லிவிடும். டிலியிலிருந்து, துதுவாலாவுக்குக் கீழே இருக்கும் வாலு கடற்கரைக்கு எங்கும் நிற்காமல் போனாலே எட்டு மணி நேரம் ஆகும், சாப்பாட்டுக்கும் டீசலுக்கும் நின்றால் ஒன்பது. அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணாதே, வெளிச்சத்தில் எண்ணு. இந்த மாதத்தில் தீவின் கிழக்குக் கோடியில் ஆறரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நம் ஊரில் ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருந்து உனக்குப் பழக்கம். அங்கே சூரியன் விழுந்த அரை மணி நேரத்தில் கும்மிருட்டு.

இருட்டில் ஓட்டக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. எருமை, ஆடு, பன்றி, நாய் எல்லாம் சாலையில்தான் படுத்திருக்கும், பகல் வெயிலில் சூடேறிய தார் இரவில் அவற்றுக்குக் கதகதப்பு. பின்விளக்கு இல்லாத லாரியும் மோட்டார் சைக்கிளும் வரும். தெருவிளக்கு கிடையாது. சாலையின் விளிம்பு அரித்துப்போயிருந்தால் பகலில் தெரியும், இரவில் நிழலும் பள்ளமும் ஒரே மாதிரிதான் இருக்கும். வண்டி பழுதாகி நின்றால் உதவிக்கு யாரும் அந்த வழியே வரமாட்டார்கள். ஆகவே பயணத்தை அந்தியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடு.

என் கணக்கு இது. வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுங்கள். பகல் ஒரு மணிக்கு டிலியில் வண்டி நகர வேண்டும். ஹேரா, மெத்தினாரோ, மனாதுதோ, பிறகு பௌகாவ், மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர். மலையை ஒட்டிக் கடலைப் பார்த்தபடி வளைந்து வளைந்து போகும் பகுதி மெத்தினாரோவுக்கு அப்பால் வரும். வயிற்றைப் புரட்டும் இடம் அதுதான், வாந்தி மாத்திரை போடுவதென்றால் அரை மணி முன்னால் போட்டுக்கொள். மூன்றரை அல்லது நான்கு மணி நேரத்தில் பௌகாவ். இரவு அங்கே தங்குங்கள். பழைய நகரத்தில் ஊற்று நீர் பாயும் நீச்சல்குளம் இருக்கிறது, போர்த்துகீசியர் காலத்துச் சந்தைக் கட்டடம் இருக்கிறது. ஊர் மலைமேல் இருப்பதால் டிலியைவிடக் குளிர்ச்சி, ஒரு போர்வை எடுத்துக்கொள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் லாகா, லௌத்தேம் வழியாகக் கடலோரமாகப் போய், அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் ஏறி லோஸ்பாலோஸ், சுமார் 90 கிலோமீட்டர். இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். லோஸ்பாலோஸிலிருந்து துதுவாலா 40 கிலோமீட்டருக்குள்தான், ஆனாலும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கு. துதுவாலா கிராமம் குன்றின்மேல் இருக்கிறது. கீழே வாலு கடற்கரைக்கு இறங்கும் கடைசி 8 கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்திலும் கடினமானது. கல்லும் செங்குத்துமான அந்தப் பாதைக்கு முக்கால் மணி நேரம் வை. எல்லாம் சரியாகப் போனால் பகல் ஒரு மணிக்குக் கடற்கரையில் இருப்பீர்கள், ஒரு டயர் வெடித்தால் இரண்டரை. அப்போதும் நான்கு மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும். அதுதான் உங்கள் சேமிப்பு. "பௌகாவில் தங்க வேண்டாம், சனிக்கிழமை ஒரே மூச்சில் போய்விடலாம்" என்று யாராவது சொன்னால், அந்தச் சேமிப்பைத்தான் செலவு செய்யச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்.

சனிக்கிழமைக்கு ஒரு கெடுவும் வைத்துக்கொள்ளுங்கள். பகல் மூன்றரை மணிக்குள் துதுவாலா கிராமத்தைத் தொடவில்லையென்றால் கீழே இறங்க வேண்டாம், இரவு மேலேயே இடம் கேட்டுத் தங்குங்கள். இதை நால்வரும் வெள்ளிக்கிழமையே பேசி முடிவெடுத்துவிட வேண்டும். கடல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு யாரும் நிதானமாக யோசிக்கமாட்டார்கள்.

அடுத்தது, யார் ஓட்டுவது? உன்னிடம் இருப்பது 3ஏ உரிமம். கிளட்ச் இல்லாத கார் மட்டும்தான் நீ ஓட்டலாம், அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்தாலும் அதே வரம்புதான். டிலியில் இந்த மாதிரிப் பாதைக்கு வாடகைக்குக் கிடைக்கும் ஃபோர்வீல் வண்டிகள் பெரும்பாலும் கிளட்ச் வைத்தவை. "கொஞ்ச தூரம் நீ ஓட்டிப் பார்" என்று தோழி சொன்னாலும் வேண்டாம். உரிமத்துக்கு வெளியே ஓட்டி ஏதாவது நடந்தால் காப்புறுதி ஒரு காசு தராது. உங்கள் தொண்டூழிய அமைப்பின் காப்புறுதி, வாரயிறுதியில் சொந்தமாகப் போகும் பயணத்துக்கும் செல்லுமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. சில அமைப்புகள் தொண்டூழியர்கள் தாங்களே ஓட்டுவதையே அனுமதிப்பதில்லை. என்னைக் கேட்டால் ஓட்டுநரோடு வண்டி எடுங்கள், அதுவும் லோஸ்பாலோஸ் பக்கத்துக்காரராகப் பார்த்து. அந்தப் பக்கம் பேசும் மொழி ஃபதலுக்கு, டெட்டும் இரண்டாவதுதான். பாதை தெரிவதைவிட, ஊர் மொழியில் இரண்டு வார்த்தை பேசத் தெரிந்தவர் கூட இருப்பது பெரிய பலம். அவருடைய சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் வாடகை பேசும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

ஓட்டுநர் இருக்கிறார் என்பதற்காக வண்டியைப் பார்க்காமல் ஏறாதே. வியாழன் மாலையே வண்டியைக் கொண்டுவரச் சொல். முதலில் ஸ்பேர் டயர். அது இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் "இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். இறக்கச் சொல்லி, காற்று எத்தனை என்று அளந்து பார். வருடக்கணக்கில் வண்டியின் அடியில் தொங்கிய டயரில் காற்று பாதிகூட இருக்காது. தொங்கவிடும் சங்கிலி துருவேறி இறுகிப்போயிருந்தால், நடுவழியில் அதைக் கழற்றவே ஒரு மணி நேரம் போய்விடும். பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் வேறு டயர் கேள், கூரான கல் முதலில் கிழிப்பது பக்கச்சுவரைத்தான். முடிந்தால் இரண்டு ஸ்பேர். அடுத்து ஜாக்கி, அதன் கைப்பிடி, சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர். ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருகிப் பார். வேறு வண்டியின் ஸ்பேனர் கிடக்கும், அளவு பொருந்தாது, அது தெரியவருவது டயர் போன பிறகுதான். இரண்டு சென்டிமீட்டர் தடிமனில், 30க்கு 30 சென்டிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மணலிலும் மண்ணிலும் ஜாக்கியின் அடிக்குப் பலகை இல்லாவிட்டால் வண்டி மேலே எழும்பாது, ஜாக்கிதான் கீழே புதையும்.

டயர் மாற்றுவது உனக்குத் தெரியும், வரிசையை மட்டும் சொல்கிறேன். சமதளமான இடத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, குறுக்கே எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வை. எல்லோரும் இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்து, தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சேர்ந்து சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். உடல் எந்த நேரத்திலும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கழற்றிய டயரை அடியில் செருகி வை, ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும். மாட்டியதும் நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 50 கிலோமீட்டர் போனதும் இன்னொரு முறை முடுக்கச் சொல். இந்தக் கடைசி வேலையை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். குலுங்கும் பாதையில் நட்டு தளர்ந்தால் சக்கரமே கழன்று போகும்.

பிறகு நான்கு சக்கர இயக்கம். பழைய வண்டிகளில் முன்சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு இருக்கும். அதைக் கையால் "லாக்" பக்கம் திருப்பினால்தான் முன்சக்கரம் இழுக்கும். உள்ளே கியர்க்கோலை மட்டும் மாற்றிவிட்டு, "ஃபோர்வீல் போட்டாச்சு, ஆனாலும் ஏறமாட்டேன் என்கிறது" என்று சக்கரத்தைச் சுழலவிட்டுக் குழி தோண்டுபவர்கள் உண்டு. வியாழன் மாலையே திருப்பிப் பார்த்துவிடுங்கள், துருப்பிடித்திருந்தால் அசையாது. துதுவாலாவிலிருந்து கீழே இறங்கும்போது லோ ரேஞ்சில் (ஃபோர்வீலின் மெதுவான, வலுவான நிலை), முதல் கியரில் போகச் சொல்லுங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடாகி, உள்ளே இருக்கும் எண்ணெய் கொதித்து, மிதி கால் போன போக்கில் உள்ளே போய்விடும். எரிந்த வாடை வந்தால் உடனே நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

கல் பாதையில் டயர்க் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் கல் குத்துவது குறையும், குலுக்கலும் குறையும். 35 பிஎஸ்ஐ இருந்தால் 28 போதும். வாலுவில் மணலில் சிக்கினால் 18 வரை இறக்கலாம், பெரும்பாலும் அதிலேயே வண்டி வெளியே வந்துவிடும். ஆனால் திரும்பக் காற்றடிக்க 12 வோல்ட் பம்பும் அளவுமானியும் கையில் இருந்தால்தான் காற்றை இறக்க வேண்டும். 18இல் தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும். சிக்கிய வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் புதையும். இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் மணலை வாரி, தரைவிரிப்பையோ தென்னை மட்டையையோ போட்டு மெதுவாக நகர்த்தச் சொல். அதற்கு ஒரு மண்வெட்டி வேண்டும்.

டீசலுக்கு ஒரு கணக்கு. போக வர 520 கிலோமீட்டர், இடையில் சுற்றுவதையும் சேர்த்தால் 600. அந்தப் பாதையில் நூறு கிலோமீட்டருக்கு 14 லிட்டர் என்று வைத்தால் 84 லிட்டர், ஏறக்குறைய ஒரு டாங்கி முழுவதும். அதனால் டிலியில் முழுக்க நிரப்பி, பௌகாவில் போகும்போதும் வரும்போதும் மறுபடி நிரப்புங்கள். சாலையோரத்தில் பாட்டிலில் விற்பது அவசரத்துக்கு மட்டும், அதில் தண்ணீரும் தூசியும் கலந்திருக்கலாம். இன்னொன்று, அங்கே "காஸோலினா" என்றால் பெட்ரோல், "காஸோலியோ" என்றால் டீசல். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் "சொலார்" என்று இந்தோனேசியச் சொல்லையே சொல், பெரியவர்களுக்கு நன்றாகப் புரியும். டாங்கி மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று நீயே இறங்கிப் பார். தவறானதை ஊற்றிவிட்டால் சாவியைத் தொடக்கூடாது, டாங்கியை வடித்தால் போதும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் போகும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். நான்கு பேர், ஓட்டுநரோடு ஐந்து என்றால் சனிக்கும் ஞாயிறுக்கும் 40 லிட்டர். 19 லிட்டர் குடம் இரண்டும் ஒரு பெட்டி சிறிய பாட்டிலும் வாங்கினால் சரியாக இருக்கும். குடங்களை வண்டிக்குள் தரையில் வைத்துக் கட்டுங்கள். கூரைமேல் கனம் ஏற்றினால் சரிவில் வண்டி சாயும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச்சர்க்கரைப் பொட்டலம். அது தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம்.

சாப்பாட்டுக்கு நீங்கள் திண்டாட வேண்டியதில்லை. வழியில் காத்துபா விற்பார்கள், தேங்காய்ப்பாலில் வெந்து ஓலைப்பின்னலுக்குள் இருக்கும் சோறு, நம் ஊர் கெத்துப்பாட்டின் உறவுதான். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், தேங்காய்ப்பால் வெயிலில் வண்டிக்குள் இருந்தால் மாலைக்குள் புளித்துவிடும். புளி சேர்த்து ஓலையில் மடித்துச் சுடும் மத்தி மீன், இக்கான் சபோக்கோ, கிடைத்தால் விடாதே. அம்மா செய்யும் புளிமீன் ஞாபகம் வரும்.

பணம் அமெரிக்க வெள்ளி நோட்டாக, 1, 5, 10 வெள்ளித் தாள்களில் வேண்டும். வாலுவில் படகுக்காரரிடம் 50 வெள்ளித் தாளை நீட்டினால் மிச்சம் தர முடியாது. கிழிந்த, கறைபட்ட நோட்டை வாங்கமாட்டார்கள். லோஸ்பாலோஸைத் தாண்டினால் பணம் எடுக்க இடமில்லை.

பாப்பா, இனிமேல் சொல்வதை வண்டி விஷயங்களைவிட நிதானமாகப் படி.

வாலுவிலிருந்து எதிரே தெரியும் ஜாக்கோ தீவு 2007இல் அறிவிக்கப்பட்ட நினோ கோனிஸ் சந்தானா தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே அந்த மக்களுக்கு அது "லூலிக்", புனிதமான இடம். அங்கே யாரும் குடியிருப்பதில்லை, இரவு தங்குவதில்லை. பகலில் போய்விட்டுப் பகலிலேயே திரும்ப வேண்டும். அங்கே நெருப்பு மூட்டாதே, கல்லோ சிப்பியோ பவளமோ எடுத்து வராதே. நம்மூர்க் காவல் தெய்வத்தின் எல்லைக்குள் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி.

போவதென்றால் உள்ளூர் மீனவர் படகில்தான். நீந்திக் கடக்க முயலாதே. கரையிலிருந்து பார்த்தால் பக்கம் போலத் தெரியும், தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். இரண்டு பக்கக் கடலும் அந்தக் குறுகிய இடைவெளி வழியாகத்தான் ஏறி இறங்குகின்றன, நடுவில் இழுப்பு பலமாக இருக்கும். உன் நீச்சல் எல்லாம் குளத்தில் கற்றது, குளத்துத் தண்ணீர் உன்னை எங்கும் கொண்டுபோகாது. படகில் உயிர்காப்பு உடுப்பு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், டிலியிலேயே நால்வருக்கும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று, பிற்பகலில் கூடும். நீங்கள் சனிக்கிழமை இரண்டு மணிக்குத்தான் படகேற முடியும், அதனால் படகுக்காரர் கடலைப் பார்த்துத் தலையசைத்தால் மட்டும் ஏறுங்கள். அவர் வேண்டாம் என்றால் கூடக் காசு தருகிறோம் என்று வற்புறுத்தாதீர்கள். ஞாயிறு காலை போகலாம் என்றும் திட்டம் போடாதே. ஞாயிறு எட்டு மணிக்கு வாலுவை விட்டால்தான் ஒன்றரைக்குப் பௌகாவ், ஐந்தரைக்கு டிலி. காலையில் இரண்டு மணி நேரம் தீவுக்குப் போனால், அதை மாலையில் இருட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

முதலைகள். உப்புநீர் முதலைகள் ஆற்றில் மட்டுமல்ல, கடலிலும் நீந்தும், கடற்கரையிலும் ஏறிப் படுக்கும். லோஸ்பாலோஸிலிருந்து துதுவாலா போகும் வழியில் வரும் இரா லாலாரோ ஏரியிலும் உண்டு, கரையில் இறங்கிப் படம் எடுக்கப் போகாதே. அங்கே முதலையை "அபோ" என்பார்கள், தாத்தா என்று பொருள். ஒரு சிறுவன் காப்பாற்றிய முதலைதான் பின்னாளில் திமோர் தீவாகப் படுத்தது என்பது அவர்கள் கதை. அதனால் யார் முன்னாலும் முதலையைப் பற்றிக் கிண்டலாகப் பேசாதே. கடலில் கால் வைக்கும் முன் ஊர்க்காரரைக் கேள்: "லாஃபாயெக் இஹா நெஎ கா லாயே?" இங்கே முதலை உண்டா இல்லையா என்று அர்த்தம். அவர்கள் பிள்ளைகள் குளிக்காத இடத்தில் நீயும் குளிக்காதே. ஆற்றுமுகம், சதுப்புநிலக் காடு, கலங்கிய நீர், இந்த மூன்றும் எந்நேரமும் வேண்டாம். அந்தியிலும் விடியலிலும் இரவிலும் எந்தத் தண்ணீரும் வேண்டாம். கூடாரம் தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, அலை ஏறும் கோட்டுக்கு மேலே. மீன் கழுவிய தண்ணீரையும் முள்ளையும் கூடாரத்துக்குப் பக்கத்தில் கொட்டாதே. இரவு மூத்திரம் பெய்யக் கடல் பக்கம் போகாதே.

பவளப்பாறையில் கால் வைக்கும்போது தடித்த அடியுள்ள காலணி. பவளம் கீறினால் சின்னக் காயம்தானே என்று விட்டால் மூன்றாம் நாள் சீழ் பிடிக்கும். உடனே குடிநீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி மருந்து போடு. கல்மீன் முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் காலை ஒரு மணி நேரம் போலவாவது வைத்திரு, வலி குறையும். குத்திய காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, நல்ல காலை விட்டு முதலில் சோதித்துப் பார். சொறிமீன் பட்டால் கையால் தேய்க்காமல் காடியை (வினிகர்) அரை நிமிடம் ஊற்று, ஒரு பாட்டில் காடி எடுத்துப் போ.

நாய்கள் விஷயத்தில் கவனம். திமோர் லெஸ்தேவில் வெறிநாய்க்கடியால் முதல் மனித மரணம் 2024இல் பதிவானது. குட்டியானாலும் தடவாதே. கடித்தாலும் கீறினாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம், கைக்கடிகாரம் பார்த்து, கழுவிவிட்டு அப்படியே மருத்துவமனைக்கு. நீ இங்கே முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டாய், அதனால் உனக்கு மேலும் இரண்டு ஊசி போதும். போடாத உன் தோழிகளுக்குக் கூடுதல் ஊசிகளோடு எதிர்ப்புப்புரத மருந்தும் வேண்டும், அது எல்லா இடத்திலும் இருக்காது. யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று இப்போதே கேட்டு வை. மலேரியா அங்கே ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார அமைப்பு 2025இல் சான்று கொடுத்தது, அதனால் கொசு பற்றிக் கவலை இல்லை என்று நினைத்துவிடாதே, டெங்கி இருக்கிறது. காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டும்.

கிராமத்துக்குள் போனதும் முதல் வேலை, கிராமத் தலைவரையோ வயதில் மூத்தவரையோ பார்த்து, எங்கே தங்கலாம் என்று கேட்பது. "கோலிசென்சா" என்று அனுமதி கேட்டுத் தொடங்கு, நன்றி சொல்லும்போது பெண் என்பதால் "ஒப்ரிகாதா". வெறும் கையோடு போகாதே. அங்கே மரியாதைக்குக் கொடுப்பது என்ன தெரியுமா? "புவா மாலுஸ்", பாக்கும் வெற்றிலையும். நம் வீட்டு விசேஷத்துத் தாம்பூலம்தான். பௌகாவ் சந்தையில் சனிக்கிழமை காலை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வை, வாடாது. சுண்ணாம்பும் கூடவே வாங்கு. பிள்ளைகளுக்கு மிட்டாய் வாரி இறைக்காதே. வண்டியைக் கண்டாலே கை நீட்டும் பழக்கம் வரும், அடுத்து வருபவர்களுக்கும் அந்த ஊருக்கும் நல்லதில்லை. படம் எடுக்கும் முன் கேள். லோஸ்பாலோஸ் பக்கம் உயரமான கால்களில் நிற்கும் கூரை வீடுகள் தெரியும், அவை பலருக்கு வழிபாட்டிடம், ஏறிப் பார்க்காதே. வழியில் ஆடோ பன்றியோ அடிபட்டால் ஓடிவிடாதீர்கள். உரியவருக்கு விலை தர வேண்டும், பேரம் கடினமானால் பக்கத்துக் காவல் நிலையத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள், இரண்டு பெரிய பை போதும். கழிப்பிடம் இல்லாத இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி மூட வேண்டும், கரையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி.

தொடர்புக்கு இப்படிச் செய்வோம். லோஸ்பாலோஸைத் தாண்டினால் இணையம் வரும் போகும், ஆனால் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச்சேரும். வரைபடத்தை வியாழனே கைப்பேசியில் இறக்கி வை. வண்டி எண், ஓட்டுநர் எண், நால்வரின் பெயர், இரத்த வகை, எந்த இரவு எங்கே, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி ஒருங்கிணைப்பாளருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வெளியுறவு அமைச்சின் பதிவுப் பக்கத்திலும் விவரம் போட்டுவிடு. டிலி நேரம் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால், குழப்பம் வராமல் எல்லாமே டிலி நேரப்படி: வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பௌகாவிலிருந்து ஒன்று, சனி காலை பத்தரைக்கு லோஸ்பாலோஸிலிருந்து ஒன்று, ஞாயிறு இரண்டு மணிக்குப் பௌகாவிலிருந்து ஒன்று, டிலி வந்ததும் ஒன்று. சனி இரவு நான் எதிர்பார்க்கமாட்டேன், உன் அம்மாவிடமும் சொல்லிவைத்துவிட்டேன். ஞாயிறு மாலை ஏழு மணி வரை டிலியிலிருந்து செய்தி வராவிட்டால் ஓட்டுநரை அழைப்பேன், எட்டு மணிக்கு ஒருங்கிணைப்பாளரை. தாமதமானால் வேகத்தைக் கூட்டச் சொல்லாதே, பௌகாவிலேயே தங்கிவிட்டுத் திங்கள் காலை வா. அரை நாள் வேலை போனால் நான் உன் மேலதிகாரிக்கு எழுதித் தருகிறேன்.

பின் இருக்கையிலும் பெல்ட் போடு. வண்டியின் பின்தட்டில் காற்று வாங்க உட்காராதே.

வியாழன் மாலை வண்டி வந்ததும் ஸ்பேர் டயரை இறக்கி, அளவுமானியை அதில் வைத்து, முள் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. காத்திருப்பேன்.

அன்புடன்
அப்பா